கடல் கடந்து வந்த மருமகள் குடிமகளாவது எப்போது?



கடலை ஒரு வேலியாக நம் முன்னோர் கருதியதில்லை. காயல்பட்டினத்தார் கொழும்பில் கடை வைத்தனர். கீழக்கரைக்காரர்களுக்கு இலங்கையில் கொடுக்கல் வாங்கல் இருந்தது. நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறியவர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கினர். வணிகம் போன வழியிலேயே சம்பந்தமும் போயிற்று. அங்கே பெண் எடுத்தோம். இங்கிருந்து பெண் கொடுத்தோம். இரு கரைகளும் ஒரே முடியாட்சியின் கீழ் இருந்த அந்நாளில், மணமகள் எந்த நாட்டுப் பிரஜை என்னும் கேள்வியே எழவில்லை. அன்றியும், 1914ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நாட்டுரிமைச் சட்டம், பிரிட்டிஷ் பிரஜையின் மனைவியும் பிரிட்டிஷ் பிரஜையே என்று வகுத்திருந்தது. கணவன் எந்நாட்டவனோ மனைவியும் அந்நாட்டவள் என்பது அக்காலத்து நியதி.

அந்தக் காலம் மறைந்து முக்கால் நூற்றாண்டாயிற்று. ஆயினும் அந்த எண்ணம் மட்டும் நம் இல்லங்களை விட்டு அகலவில்லை. “நிக்காஹ் ஆகிவிட்டது, இனி அவள் நம் ஊர்ப் பெண்தானே” என்று இருந்துவிடுகிறோம். குடும்பத்தைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரி. அரசாங்கத்தைப் பொறுத்தவரையோ, நிக்காஹ் முடிந்த மறுநாளும் அப்பெண் தம் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையதோ அந்த நாட்டின் குடிமகளே. அவர் இந்தியக் குடியுரிமை கோரி மனுச் செய்யும் தகுதியை எப்போது அடைகிறார் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன்.

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு மாலை. அஸருக்குப் பின் நடக்கும் மதரஸா வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்துவிட்டனர். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பிளாஸ்டிக் உறையொன்றை மார்போடு அணைத்தபடி வந்து அமர்ந்தார்.

“ஹஜ்ரத், நீங்கள் காலேஜில் படித்தவர்கள். இந்தத் தாளைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். மருமகளுக்குச் சிட்டிசன் எழுதிப் போட வேண்டும். நிக்காஹ் முடிந்து பத்து வருஷம் ஆகப் போகிறது. சட்டத்தில் ஏழு என்றுதானே சொல்கிறார்கள்?”

“மாமா, மருமகளின் பாஸ்போர்ட்டைக் கொண்டு வந்தீர்களா?” என்று கேட்டேன். நிக்காஹ் சான்றிதழ், மகனின் ஆதார், ரேஷன் கார்டு, மின் கட்டண ரசீது எல்லாம் அந்த உறையில் இருந்தன. பாஸ்போர்ட் மட்டும் இல்லை. பேரனை அனுப்பி அதை வரவழைத்தோம். மற்றத் தாள்கள் எல்லாவற்றையும்விட, பாஸ்போர்ட்டில் குத்தப்பட்டிருந்த வருகை, புறப்பாட்டு முத்திரைகளே அன்று எங்களுக்கு வேண்டியிருந்தன.

ஏழு ஆண்டு எங்கிருந்து தொடங்குகிறது?

1955ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் ஐந்தாம் பிரிவு, பதிவு மூலம் குடியுரிமை பெறுவதைக் கூறுகிறது. அப்பிரிவின் ‘சி’ கூறு, இந்தியக் குடிமகன் ஒருவரை, அல்லது குடிமகள் ஒருவரை, மணந்து இந்தியாவில் ஏழு ஆண்டுகள் வசித்தவர் மனுச் செய்யலாம் என்கிறது. இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘மணந்து’ என்பதன்று, ‘வசித்தவர்’ என்பதே. நிக்காஹ் நடந்து இருபதாண்டு கடந்திருந்தாலும், அப்பெண் இந்நாட்டில் வசித்தது மூன்றாண்டேயானால் கணக்கு மூன்றுதான்.

வசித்தல் என்பதையும் சட்டம் பொதுப்படக் கூறி விட்டுவிடவில்லை. மனுச் செய்யும் நாளுக்கு உடனே முந்திய பன்னிரண்டு மாதங்கள் முழுவதும் இந்தியாவிலேயே இருந்திருக்க வேண்டும். அதற்கும் முந்திய எட்டு ஆண்டுகளில், ஆறு ஆண்டுகளுக்குக் குறையாமல் இங்கே இருந்திருக்க வேண்டும். ஒன்றும் ஆறும் சேர்ந்து ஏழு. ஆகவே ‘ஏழு’ என்று நாம் வாயால் சொல்லும் கணக்கு, உண்மையில் ஒன்பது ஆண்டு என்னும் பெரிய சட்டகத்துக்குள் அடங்கியிருக்கிறது. அந்த முந்திய எட்டு ஆண்டுகளில் மொத்தம் இரண்டு ஆண்டுகள் வரை வெளியே இருந்தாலும் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. தாய்வீட்டுக்குப் போய்வரும் பெண்ணுக்கு இது போதுமான இடமே. கடைசிப் பன்னிரண்டு மாதத்தில்தான் சட்டம் கண்டிப்புக் காட்டுகிறது.

இனிப் பெரியவருடைய மருமகளின் கணக்கைப் பாருங்கள். நிக்காஹ் நடந்தது 2014 பிப்ரவரியில், புத்தளத்தில். மாப்பிள்ளைக்கு அப்போது வளைகுடாவில் வேலை. ஆதலால் பெண் ஒன்றரை ஆண்டு தாய்வீட்டிலேயே தங்கினார். இந்தியாவுக்கு வாழ வந்த நாள் 2015 ஆகஸ்ட் முதல் தேதி. பெரியவர் எண்ணியிருந்த பத்தாண்டில் ஒன்றரை ஆண்டு அந்த இடத்திலேயே கழிந்துவிட்டது. பிறகு தலைப்பிரசவத்துக்கும் தம்பியின் கலியாணத்துக்குமாக நான்கு மாதங்கள் ஊருக்குப் போயிருக்கிறார். 2020 பிப்ரவரியில் வாப்பாவுக்கு உடல்நலம் இல்லையென்று போனவர், மார்ச்சில் விமானங்கள் நின்றுவிட்டமையால் டிசம்பரில்தான் திரும்பினார். அது பத்து மாதம். ஆக மொத்தம் பதினான்கு மாதங்கள். இவற்றைத் தள்ளிக் கூட்டினால், 2023 அக்டோபர் முதல் தேதி அவருக்கு ஏழாண்டு நிறைவாகியிருக்க வேண்டும்.

ஆனால் கடைசிப் பக்கத்தில் இன்னும் இரண்டு முத்திரைகள் இருந்தன. புறப்பாடு 2023 ஜூன் 5. வருகை ஜூலை 18.

“இது என்ன பயணம் மாமா?”

“அவள் உம்மா மௌத்தாகிவிட்டார்கள் ஹஜ்ரத். போகாமல் இருக்க முடியுமா? நாற்பது கழித்து வந்தாள்.”

நாற்பத்து மூன்று நாட்கள். 2015ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட திருத்தம் ஒன்று, சிறப்பான சூழ்நிலை இருப்பதாக மத்திய அரசு கருதினால், கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் முப்பது நாட்கள் வரை விலக்களிக்கலாம் என்கிறது. அம்முப்பது நாள் ஒரே பயணமாக இருக்கலாம். சிறுசிறு பயணங்களாகவும் இருக்கலாம். தாயின் மரணத்தைவிடச் சிறப்பான சூழ்நிலை வேறென்ன? ஆனால் உச்சவரம்பு முப்பது. அந்தப் பெண் பதின்மூன்று நாள் அதிகமாகத் தம் தாய்வீட்டில் இருந்துவிட்டார்.

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியென்றால் மறுபடி முதலிலிருந்து ஏழு வருஷமா?” என்று கேட்டார். இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொண்டு மனம் உடைகின்றனர். அவ்வாறன்று. அறுபட்டது கடைசிப் பன்னிரண்டு மாதம் மட்டுமே. அதை மட்டும் திரும்பத் தொடங்கினால் போதும். ஜூலை 18 முதல் ஓராண்டு எங்கும் போகாமல் இருந்துவிட்டால், 2024 ஜூலை 18க்குப் பின் தாராளமாக மனுச் செய்யலாம். அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் அவர் இங்கே இருந்த காலம் ஆறு ஆண்டு எட்டு மாதத்துக்குக் குறையாது. இழப்பு ஒன்பதரை மாதமே. ஆனால் அதை அறியாமல் அந்த நவம்பரிலேயே மனுவைக் கொடுத்திருந்தால், கட்டணமும் அலைச்சலும் வீணாகி, ‘நிராகரிக்கப்பட்டது’ என்னும் சொல் அவருடைய கோப்பில் ஏறியிருக்கும்.

இச்சட்டம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1955இல் எழுதப்பட்டபோது, இந்தியரை மணந்த ‘பெண்கள்’ என்றே அந்தக் கூறு பேசிற்று. ஏழாண்டு என்னும் நிபந்தனையும் அன்று அக்கூற்றில் இல்லை. இத்தாலியில் பிறந்து 1968இல் இந்தியரை மணந்த திருமதி சோனியா காந்தி 1983இல் குடிமகளாகப் பதிவு பெற்றது அந்தப் பழைய கூற்றின் கீழ்தான். இந்தியப் பெண்ணை மணந்த வெளிநாட்டு ஆணுக்கு அன்று இந்த வழி கிடையாது. 1986ஆம் ஆண்டின் திருத்தம் ‘பெண்கள்’ என்பதை ‘நபர்கள்’ என்று மாற்றி, ஐந்தாண்டு வசிப்பையும் விதித்தது. 2003இல் நிறைவேறி 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஐந்தை ஏழாக்கிற்று.

அத்திருத்தம் இன்னொன்றையும் சத்தமின்றிச் செய்தது. 1986இன் வாசகம் ‘மணந்திருக்கும் அல்லது முன்பு மணந்திருந்த’ நபர்கள் என்று இருந்தது; ஆகவே விதவைக்கும் மணமுறிவு பெற்றவருக்கும் அதில் இடமிருந்தது. இன்றுள்ள வாசகம் ‘மணந்திருக்கும் நபர்’ என்பதோடு நின்றுவிடுகிறது. இதன் பொருளை நம் வீட்டுப் பெண்கள் ஊன்றி உணர வேண்டும். தகுதி வந்த பிறகும் “பார்த்துக்கொள்ளலாம்” என்று கணவர் காலந்தள்ளி, அதற்கிடையே அவர் மௌத்தாகிவிட்டால், இத்தா இருக்கும் அப்பெண்ணுக்கு இந்தக் கதவு மூடிவிடுகிறது. அதன்பின் அவருக்குரிய பொதுவழி, சட்டத்தின் ஆறாம் பிரிவு கூறும் இயல்புக் குடியுரிமை. அதற்குக் கடைசிப் பன்னிரண்டு மாதமும், அதற்கு முந்திய பதினான்கு ஆண்டுகளில் பதினோரு ஆண்டும் இங்கே வசித்திருக்க வேண்டும். மஹரைக் கொடுத்து முடித்துவிட்டேன் என்று நிம்மதி கொள்ளும் கணவன்மார், தம் மனைவி இந்நாட்டில் எந்தத் தாளின் மேல் நின்றுகொண்டிருக்கிறார் என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

விஸா தீரும் நாள்

ஏழாண்டுக் கணக்குக்கு முன்பே ஒரு நிபந்தனை இருக்கிறது. மனுதாரர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. இச்சொல்லைக் கேட்டவுடன் இருளில் தோணியேறி வந்தவரைத்தான் நாம் நினைக்கிறோம். சட்டத்தின் வரையறை அதைவிட விரிந்தது. செல்லத்தக்க கடவுச்சீட்டின்றி நுழைந்தவர் மட்டுமல்லர். முறையாக நுழைந்து, அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கிவிட்டவரும் அதில் அடங்குவார். விமானத்தில் வந்து, முத்திரை குத்திக்கொண்டு, மாமியார் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கும் மருமகள், விஸாத் தேதி தாண்டிய மறுநாள் அந்த வரையறைக்குள் போய்விடுகிறார்.

சுற்றுலா விஸாவில் வந்து நிக்காஹ் செய்தவர்கள் உண்டு. இந்தியரை மணந்தவர், அதை நுழைவு விஸா எனப்படும் ‘எக்ஸ்’ வகைக்கு மாற்றிக்கொள்ள அனுமதி இருக்கிறது. நூற்றெண்பது நாளுக்கு மேற்பட்ட விஸாவில் வருபவர் பதினான்கு நாட்களுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். சென்னையில் அது ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் உள்ளது. 2018 முதல் நீட்டிப்பு மனுக்களைக் கணினி வழியாகவே அனுப்பலாம். 2025 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்துள்ள குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின்படி, விஸாக் காலத்தை மீறித் தங்குவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையோ, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இந்தத் தண்டனையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. இந்தியாவில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளும் இந்தியக் குடிமக்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. அன்று முதல் 2004 டிசம்பர் 3க்கு முன் வரை பிறந்தவர்க்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அதற்குப் பின் பிறந்தவர்க்கு, பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும், மற்றவர் குழந்தை பிறந்த சமயத்தில் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதவராகவும் இருக்க வேண்டும். ஆக, கணவனின் மறதியால் விஸா புதுப்பிக்கப்படாத அந்தச் சில மாதத்தில் பிள்ளை பிறந்தால், தந்தை பரம்பரை இந்தியராக இருந்தும் அந்தப் பிள்ளையின் குடியுரிமை கேள்விக்குரியதாகிவிடும். பிறகு அபராதம் கட்டி விஸாவைச் சீர்செய்தாலும், சட்டம் பார்ப்பது பிறந்த சமயத்தை. இதை வாசிக்கும் தாய்மார்கள், வீட்டில் வெளிநாட்டு மருமகள் இருந்தால், விஸா தீரும் தேதியைச் சுவர் நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள்.

தலைப்பிரசவம்

நம் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டில். அந்தத் தாய்வீடு புத்தளத்திலோ கோலாலம்பூரிலோ இருந்தால், பிறக்கும் குழந்தை வெளிநாட்டில் பிறந்த குழந்தை. தந்தை இந்தியர் என்பதால் வம்சாவளி மூலம் அதற்குக் குடியுரிமை உண்டு. ஆனால் தானாக வந்துவிடாது. பிறந்து ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தரவும் வேண்டும். ஓராண்டு கடந்தால் மத்திய அரசின் அனுமதி பெற்ற பிறகே பதியலாம்.

பாட்டி வீட்டார் அன்பு மிகுதியால், அவசரத்துக்கு அந்நாட்டுக் கடவுச்சீட்டையே பிள்ளைக்கு எடுத்து அனுப்பிவிடுவதுண்டு. 2003ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் இலங்கைச் சட்டத்திலும் தாய்வழிக் குடியுரிமை இருப்பதால் அது எளிதாகக் கிடைத்தும்விடும். பிள்ளை இங்கு வந்திறங்கும்போது, அது விஸா எடுக்க வேண்டிய வெளிநாட்டுப் பிள்ளையாக வந்திறங்குகிறது! எங்கள் தெருப் பெரியவரின் சம்பந்தி வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தார். பேரன் பிறந்த மூன்றாம் மாதமே கொழும்புத் தூதரகத்தில் பதிவு முடிந்திருந்தது. அன்று பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பையன் அவன்தான்.

குறுக்கு வழி உண்டா?

குறுக்கு வழி இல்லை. வேறு நேர்வழிகள் உண்டு. இதைப் பெரியவரிடம் சொன்னபோது, “இதை யாரும் சொல்லவில்லையே” என்று வருந்தினார். இந்தியரை மணந்த வெளிநாட்டவர், பதிவு செய்யப்பட்ட திருமணம் இரண்டாண்டு தொடர்ந்து நிலைத்திருந்தால், ‘ஓ.சி.ஐ.’ எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைக்கு மனுச் செய்யலாம். தாமோ தம் பெற்றோர், பாட்டன், பூட்டன் வழியிலோ பாகிஸ்தான் அல்லது வங்காளதேசக் குடியுரிமை இருந்தவர்க்கு மட்டும் இது இல்லை. பெயரில் ‘குடிமகன்’ என்று இருந்தாலும் இது குடியுரிமை அன்று. வாக்குரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது, திருமணம் நீதிமன்றத்தில் முறிந்தால் அட்டையை ரத்துச் செய்யலாம். ஆனால் விஸாவைப் புதுப்பிக்கும் கவலை ஒழியும்.

அன்றியும், அந்த அட்டையை ஐந்தாண்டு வைத்திருந்து, கடைசிப் பன்னிரண்டு மாதம் இந்தியாவில் வசித்தவர், அதே ஐந்தாம் பிரிவின் ‘ஜி’ கூற்றின்படிக் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம். இரண்டும் ஐந்தும் ஏழு என்று இங்கும் ஏழாண்டுதான் வருகிறது. ஆனால் இந்த ஏழில் முழுமையாக இந்தியாவில் இருந்தாக வேண்டியது கடைசி ஓராண்டு மட்டுமே. கணவருடன் வளைகுடாவிலும் ஊரிலுமாக மாறிமாறி வாழும் பெண்களுக்கு இது பெரிய வேறுபாடு.

மலேசிய, சிங்கப்பூர் மருமகள்களுக்கு மற்றொரு வழியும் இருக்கக்கூடும். தாமோ பெற்றோரில் ஒருவரோ சுதந்திர இந்தியாவின் குடிமக்களாக முன்பு இருந்திருந்தால், பன்னிரண்டு மாதம் இங்கு வசித்தே மனுச் செய்யலாம். 1950களிலும் 60களிலும் இந்தியக் கடவுச்சீட்டோடு கப்பலேறி, பின்னாளில் அந்நாட்டுக் குடிமகனான தந்தையின் மகள் இதற்குத் தகுதியுடையவர். அந்த வாப்பாவின் பழைய கடவுச்சீட்டு பெட்டியின் அடியில் கிடந்தால், தயவுசெய்து குப்பையில் போட்டுவிடாதீர்கள். நகைக்குச் சமானமான பொருள் அது.

2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தைக் குறித்து நம்மவர் உள்ளத்திலுள்ள கலக்கம் நான் அறியாததன்று. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 முடிவதற்குள் வந்த ஆறு மதத்தவர்க்கு அது தந்த சலுகையில் முஸ்லிம்கள் சேர்க்கப்படவில்லை. இலங்கையும் அதில் இல்லை. ஆனால் திருமணத்தின் வழியாக நான் மேலே கூறிய ‘சி’ கூற்றில் மத பேதம் எதுவும் எழுதப்படவில்லை. “நமக்கெல்லாம் கிடைக்காது” என்று மனுவே செய்யாமல் இருந்துவிடுவது, இருக்கும் உரிமையையும் நாமே கைவிடுவதாகும்.

தாள்களைப் பற்றி ஒரு சொல். ஜமாஅத் தஃப்தரில் நிக்காஹ் பதிவாகியிருப்பதோடு பலர் நின்றுவிடுகின்றனர். கடன் கொடுக்கல் வாங்கலைக்கூட எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கத்தில் இருக்கும் நாம் இதில் ஏன் அசட்டை செய்கிறோமோ தெரியவில்லை. தமிழ்நாட்டில் 2009 நவம்பர் 24 முதல், எந்த மதத்தவரின் திருமணமும் அரசுப் பதிவாளரிடம் பதியப்பட்டாக வேண்டும். தொண்ணூறு நாளுக்குள் பதிவது முறை. தாமதக் கட்டணத்தோடு மேலும் அறுபது நாள் அவகாசம் உண்டு. குடியுரிமை மனுவுக்கு வேண்டியது பதிவாளரின் சான்றிதழே. அத்துடன் கணவரின் இந்தியக் குடியுரிமைக்குச் சான்று, மனைவியின் செல்லத்தக்க கடவுச்சீட்டு, தங்கும் அனுமதி ஆகியன வேண்டும். உள்துறை அமைச்சகத்தின் கணினித் தளத்தில் மூன்றாம் எண் படிவத்தை நிரப்பி, அச்செடுத்து மாவட்ட ஆட்சியரிடம் கொடுப்பர். அங்கிருந்து மாநில அரசுக்கும், பிறகு டில்லிக்கும் போகும். இடையே காவல்துறை விசாரணை உண்டு. தெருவில் யாராவது சீருடையில் வந்து விசாரித்தால் அண்டை வீட்டார் பயந்து “எங்களுக்கு ஒன்றும் தெரியாது” என்று கதவைச் சாத்திக்கொள்ளாமல், தெரிந்த உண்மையைச் சொன்னால் அதுவே பேருதவி.

நம் பெண்களை வெளிநாட்டுக்குக் கட்டிக்கொடுப்பவர்களுக்காக அமெரிக்காவின் விதியை மட்டும் சுருக்கமாகக் கூறுகிறேன். அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கு அங்கே மூன்றாண்டுக் கணக்கு. அதுவும் நிக்காஹ் நாளிலிருந்து அன்று. ‘கிரீன் கார்டு’ எனப்படும் நிரந்தர வசிப்புரிமை கிடைத்த நாளிலிருந்து. அந்த மூன்றாண்டும் கணவர் குடிமகனாக இருந்திருக்க வேண்டும்; இருவரும் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்; குறைந்தது பதினெட்டு மாதம் அந்நாட்டு மண்ணில் இருந்திருக்க வேண்டும். மூன்றாண்டு நிறைய தொண்ணூறு நாள் இருக்கும்போதே மனுச் செய்யலாம். கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்ந்தால் மூன்றாண்டுச் சலுகை போய், ஐந்தாண்டு என்னும் பொதுவிதிக்குத் திரும்ப வேண்டும். அங்கே குடியுரிமை ஏற்ற அக்கணமே நம் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை நீங்கிவிடும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை.

அதே காரணத்தால், இங்கு வந்த மருமகளும் தம் பழைய நாட்டை விட்டாக வேண்டும். மனு ஏற்கப்பட்டால் பழைய குடியுரிமையைத் துறப்பேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் மனுவே செய்கிறார். துறந்த சான்றைக் காட்டி, விசுவாச உறுதிமொழி எடுத்த பிறகே இங்கே பதிவு நடக்கும். இந்த இடத்தைக் குடும்பத்தார் அவசரப்பட்டுக் கடந்துவிடக் கூடாது. தாய்வீட்டுச் சொத்தில் அவருக்குப் பங்கு இருக்கலாம். வயதான வாப்பா அங்கே தனித்திருக்கலாம். இனித் தாய்மண்ணுக்குப் போவதற்கு அவரே விஸா எடுக்க வேண்டியிருக்கும். படிவத்தில் கையொப்பம் அவருடையது; முடிவும் அவருடையதாகவே இருக்க வேண்டும். அட்டையோடு இருந்துகொள்கிறேன் என்று அவர் சொன்னால் அதுவும் ஒரு முடிவே.

இதைப் பெரியவரிடம் நான் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை ஹஜ்ரத்” என்றார். சில நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, மருமகள் கதவுத் திரைக்குப் பின்னிருந்து என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். துறந்த பிறகு உம்மாவின் கபுருக்கு ஸியாரத் போய்வர முடியுமா என்பது முதல் கேள்வி. போகலாம், விஸா எடுத்து, என்றேன். மனுவைக் கொடுத்த பிறகு ஒரு பத்து நாள் போய் வாப்பாவைப் பார்த்து வரலாமா என்பது இரண்டாவது. பன்னிரண்டு மாதக் கணக்கு மனு நாளோடு முடிகிறது; அதன்பின் போய்வருவது அக்கணக்கைக் கெடுக்காது; விசாரணைக்கு அழைக்கும் நாளில் மட்டும் ஊரில் இருக்க வேண்டும் என்று விளக்கினேன்.

2024 ஜூலை மாதக் கடைசியில், முழுப் பன்னிரண்டு மாதமும் நிறைந்த பிறகு, அவரே படிவத்தில் ஒப்பமிட்டார். நோட்டுப் புத்தகம் ஒன்றில் 2015 முதல் தாம் போன தேதியையும் வந்த தேதியையும் வரிசையாக எழுதி, அதன் நகலையும் மனுவோடு இணைத்திருந்தார். 2023 ஜூன் 5க்கு எதிரே ‘உம்மா மௌத்து’ என்று மட்டும் எழுதியிருந்தது. மனுவைக் கொடுத்துவிட்டு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து திரும்பிய அன்றே, புத்தளத்துக்குப் போகப் பயணச்சீட்டு விலை கேட்கத் தம் மகனை அனுப்பினார்.